பின்பக்கமாக நடந்த வாத்து

என் பேத்திக்கு ஆறு வயது. ஏதோ கார்ட்டூன் படத்தில் வந்த குட்டி யானையாம், அதைப் போனுக்குள் ஓடவிட்டு நாள் முழுக்க விளையாடுகிறாள். யானை பள்ளத்தில் விழுந்தால்கூட அசரமாட்டாள். மூலையில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால் யானை பின்பக்கமாகவே எழும்பி, பின்பக்கமாகவே ஓடி, விழுவதற்கு முன்னால் நின்ற இடத்துக்கு வந்துவிடும். "தாத்தா, இதெல்லாம் உங்க காலத்துல கிடையாதுல்ல?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. கிடையாதா? இந்தப் பொத்தானால் என் வேலையே போகப் பார்த்தது, தாயே! வேலை போனால் போகட்டும், அதைவிடப் பெரிசு போகப் பார்த்தது.

அதே வாரம் பழைய ஆபீஸிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். "சார், பழைய புரொஜெக்டரை எல்லாம் வெளியே தள்ளப் போறோம். தள்றதுக்கு முன்னாடி உங்க அனுபவத்தை நாலு பக்கம் எழுதித் தாங்களேன்" என்றார். முப்பத்தோரு வருஷத்தை நாலு பக்கத்தில் எழுதச் சொன்னால் நான் என்னத்தை எழுத? ஒரே ஒரு நாளை எழுதுகிறேன். மீதியை அந்த மிஷினோடு சேர்த்துத் தள்ளிவிடுங்கள்.

என் அப்பா சாத்தம் தீவு மரமில்லில் ரம்பம் தீட்டியவர். வீட்டுக்குள் ராமநாதபுரத் தமிழ், வாசலைத் தாண்டினால் ஹிந்தி, இப்படித்தான் வளர்ந்தேன். தீவு தீவாகப் போய்ப் படம் காட்டுகிற அரசாங்கத்து யூனிட்டில் ஆப்பரேட்டராகச் சேர்ந்தபோது மீசை சரியாக முளைக்கவில்லை. மெயின்லேண்டுக்கு அனுப்பி மூன்று மாதம் பயிற்சி கொடுத்தார்கள். அதில் பாதி நாள் எனக்கு அம்மை போட்டுவிட்டது. ஆகவே நான் படித்ததெல்லாம் நெல்லையப்பன் சாரிடம்தான்.

நெல்லையப்பன் சார் யூனிட்டின் அதிகாரி. ஒல்லி மனிதர், திருநெல்வேலிப் பக்கம். கப்பலில் காலை வைத்ததும் வாந்தி எடுப்பார். ஆனாலும் ஒவ்வொரு தீவுக்கும் வருவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. திட்டுவதைக்கூட வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி அளவாகத்தான் செய்வார். "ஏன் வே சேது, இந்த கேட்டைத் துடைச்சீரா, இல்ல துடைச்சதா நினைச்சீரா?" என்பார். கேட் என்றால் புரொஜெக்டருக்குள் பிலிம் விளக்கின் முன்னால் நிற்கிற சின்ன ஜன்னல். அதில் ஒரு தூசி இருந்தாலும் திரையில் அது கரப்பான் பூச்சியாகத் தெரியும். ஒவ்வொரு ரீலுக்கும் முன்னால் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அதைத் துடைக்க வேண்டும். துணியால் துடைத்தால் நூல் நிற்கும் என்று விடமாட்டார்.

அதைவிடப் பெரிய வேலை ஈரம். இந்தத் தீவுகளில் எட்டு மாதம் மழை, மீதி நாலு மாதம் வியர்வை. பிலிம் டப்பாவுக்குள் போடுவதற்கென்று ஒரு மருந்துக் கல் உண்டு, மல்லுத் துணியில் முடிந்திருக்கும். காய்ந்திருந்தால் நீலம், ஈரத்தைக் குடித்துவிட்டால் ரோஸ். ரோஸானதை மண்ணெண்ணெய் அடுப்பில் தட்டை வைத்து மறுபடி நீலமாகிற வரை வறுக்க வேண்டும். சோறு வடித்தேனோ இல்லையோ, கல் வறுக்காத நாள் கிடையாது.

அப்புறம் ரீலைத் திருப்பிச் சுற்றுவது. காட்சி முடிந்ததும் சார் தானே உட்கார்ந்து கையால் சுற்றுவார். ஓடுகிற பிலிமின் இரண்டு ஓரத்தையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் லேசாகப் பிடித்துக்கொள்வார், கண்ணை மூடிக்கொள்வார். ஓரத்தில் ஒரு கீறல், ஒரு பிசிறு, ஒரு ஒட்டு இருந்தாலும் விரல் சொல்லிவிடும். இருந்தால் அதை அந்தப் படத்தின் அட்டையில் எழுதுவார்.

அவருடைய சட்டங்களில் தலையாயது, மிஷினை ரிவர்ஸில் ஓட்டக்கூடாது. எங்கள் புரொஜெக்டரில் அதற்கென்று ஒரு கைப்பிடி இருந்தது. அதைத் தள்ளினால் படம் பின்பக்கமாக ஓடும். "கம்பெனிக்காரன் வச்சிருக்கான், நாம தொடக்கூடாது. பழைய ஒட்டு இருந்தா பிய்ச்சுக்கிட்டுப் போயிரும்" என்பார். அந்தக் கைப்பிடியைச் சுற்றி ஒரு கயிறே கட்டி வைத்திருந்தார்.

இப்போது வாத்துக்கு வருகிறேன். எங்களிடம் எட்டு நிமிஷத்துக் கார்ட்டூன் ஒன்று இருந்தது. பேச்சு கிடையாது, பாட்டும் துள்ளலும்தான். ஒரு தபால்கார வாத்து. அம்மா வாத்து கதவைத் திறந்துவிட, பை நிறையக் கடிதத்தோடு வீட்டை விட்டுக் கிளம்பும். காற்று அடிக்கும். ஒரு கடிதம் மரத்தில் ஒட்டும், ஒன்று மாட்டுக் கொம்பில் செருகிக்கொள்ளும், ஒன்றை மீன் தின்னும். கடைசியில் வெறும் பையோடு மலை உச்சியில் நிற்கும், அத்துடன் படம் முடியும். கொசு மருந்து, நெல் விதை என்று நாங்கள் காட்டுகிற படங்களுக்குப் பெரியவர்கள் வரமாட்டார்கள். ஆனால் வாத்து என்றால் பிள்ளைகள் பறந்து வருவார்கள், பிள்ளைகளைப் பிடிக்கத் தாய்மார் வருவார்கள். வாத்துதான் எங்களுக்கு டமாரம்.

அந்த வாத்துக்கு நான் ஒரு துரோகம் செய்தேன். பாம்பூஃப்ளாட் கிராமத்தில் ஒருநாள் பிலிம் கேட்டில் சிக்கி, விளக்குச் சூட்டில் கொப்புளம் கிளம்பிவிட்டது. நான் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன், என் தப்புதான். ஒன்றரை அடி போச்சு. சார் பார்ப்பதற்குள் வெட்டி, பசை தடவி ஒட்டிவிட்டேன். அட்டையில் எழுதவில்லை. அப்போது நான் தற்காலிகம். சார் நல்லபடியாக ஒரு வரி எழுதினால்தான் நிரந்தரம். அன்றிலிருந்து வாத்து குளத்தின் இந்தக் கரையில் நிற்கும், பொசுக்கென்று ஒரு குதி, அந்தக் கரையில் இருக்கும்.

இரண்டாவது துரோகம் ஹேவ்லாக் தீவில். அந்த முறை சார் காய்ச்சலில் படுத்துவிட்டார். நான் மட்டும் ஃபீனிக்ஸ் பே துறையில் படகேறிப் போனேன். ஹேவ்லாக்கில் அப்போது வங்காளக் குடும்பங்கள்தான் அதிகம், காட்டை வெட்டி வயலாக்கிக்கொண்டிருந்தார்கள். ரோடு போடும் மேஸ்திரி முனியாண்டி அண்ணன் குடும்பம் மட்டும் தமிழ். அவர் மகள் மல்லிகா, பத்து வயது, அந்தத் தீவுப் பிள்ளைகளுக்கெல்லாம் தலைவி. படம் முடிந்ததும் வந்து நின்றாள். "ஆப்பரேட்டர் மாமா, வாத்து பாவம். லெட்டரெல்லாம் போச்சு. திருப்பிக் குடுங்க."

நான் என்ன செய்வேன்? சுற்றிலும் பத்து நாற்பது கண்கள். கயிற்றை அவிழ்த்தேன். கைப்பிடியைத் தள்ளினேன்.

அன்றைக்கு எழுந்த சத்தத்தை இன்று வரைக்கும் எந்தப் படத்துக்கும் நான் கேட்டதில்லை. மீன் வாயிலிருந்து கடிதம் வருகிறது. மாட்டுக் கொம்பிலிருந்து வருகிறது. ஒவ்வொன்றும் பறந்து வந்து பைக்குள் விழுகிறது. "உல்டா! உல்டா!" என்று கத்துகிறார்கள். இங்கத்து ஹிந்தியில் தலைகீழுக்கு அதுதான் பேச்சு.

மறுநாள் காலையில் பார்த்தால் பள்ளிக்கூடத்து மைதானத்தில் அதையே ஆட்டமாக ஆடுகிறார்கள். மல்லிகா கையில் ஒரு கொட்டாங்கச்சி, அதில் ஒரு குச்சி. அவள்தான் ஆப்பரேட்டர். குச்சியைச் சுற்றிக்கொண்டே "சலோ" என்றால் கோபால் என்கிற வங்காளப் பையன் வாத்தாக நடப்பான், மற்றவர்கள் மாடும் மீனும் காற்றும். கடிதத்துக்குக் கடற்கரையிலிருந்து பொறுக்கிய வெள்ளைச் சிப்பி. "ஸ்டாப்" என்றால் தூக்கிய காலைக் கீழே வைக்கக்கூடாது. "உல்டா" என்றால் எல்லாரும் பின்பக்கமாகவே நடந்து, வைத்த சிப்பியை வைத்த வரிசையில் கடைசியிலிருந்து எடுத்துக்கொண்டே புறப்பட்ட வாசலுக்கு வர வேண்டும். ஒரு சிப்பி குறைந்தாலும் ஆட்டம் தோல்வி. ஆப்பரேட்டர் மட்டும் நேராகப் பார்த்து நடக்கலாம்.

நடுவில் எல்லாரும் ஒன்றாக ஒரு குதி குதித்தார்கள். "அது என்ன?" என்றேன். மல்லிகா என்னைக் கேவலமாகப் பார்த்தாள். "குளத்துக்கிட்ட படம் குதிக்கும்ல மாமா. நீங்க பார்த்ததில்லையா?"

என் களவு ஹேவ்லாக்கில் விளையாட்டாகிவிட்டது! சிரித்துவிட்டு ஊர் திரும்பினேன்.

இரண்டு மாதம் கழித்து சாரோடு மறுபடி ஹேவ்லாக் போனேன். அவர் வழக்கம்போல வாந்தி எடுத்து, வெளிறிப்போய் இறங்கினார். பெட்டிகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கும்போது மத்தியானம். வழக்கமாகப் படகைப் பார்த்ததுமே ஓடிவருகிற பிள்ளைகளில் ஒன்றுகூட இல்லை. மைதானத்தில் தாய்மார்தான் நின்றார்கள். முனியாண்டி அண்ணன் மனைவி செல்லம்மா அக்கா தலைவிரிகோலமாக ஓடிவந்தார்.

"தம்பி, ஏழு புள்ளைகளைக் காணோம். காலையில போனதுங்க. சோத்துக்கு வரல. கரையில சிப்பி பொறுக்கினதை ஒருத்தர் பார்த்திருக்கார். கடல் கொண்டுபோயிருச்சோ என்னவோ தெரியலையே!"

ஆண்கள் எல்லாரும் கடற்கரைக்கும் முதலை இருக்கிற ஓடைக்கும் போயிருந்தார்கள். படகு விட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். நானும் ஓடினேன். பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் போகும்போது பின்வாசல் படியில் ஒரு வெள்ளைச் சிப்பியைப் பார்த்தேன். பத்தடி தள்ளி வேலிக்கம்பின் தலையில் ஒன்று. அப்புறம் காட்டின் ஓரத்தில், மரத்தின் கவட்டில் ஒன்று.

சிப்பி போகிற திசையைப் பார்த்தேன். கடல் இல்லை. காடு.

அந்தக் காட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பத்தடி போனால் வெயில் கிடையாது, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரிக் கொடி. வளர்ந்த ஆளே ஒருவர் அதற்குள் இரண்டு நாள் சுற்றிவிட்டு வந்திருந்தார். நான் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே சிப்பி சிப்பியாக உள்ளே போனேன். பதில் இல்லை. இருபதோ என்னவோ எண்ணியிருப்பேன். அதற்கு மேல் இருட்டடைத்தது, ஆயுதமும் இல்லை, துணையும் இல்லை. வெறுங்கையோடு போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள் என்று ஒரு வேரின் மேலிருந்த சிப்பியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன்.

நெல்லையப்பன் சாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சிப்பியைக் காட்டினேன், ஆட்டத்தைச் சொன்னேன். ஆட்டத்தைச் சொன்னால் ரிவர்ஸைச் சொல்ல வேண்டும், அதையும் சொன்னேன். வேலை போகட்டும் என்றுதான் சொன்னேன். ஏழு பிள்ளைகளுக்கு முன்னால் என் நிரந்தரம் என்ன பெரிய நிரந்தரம்?

அவர் திட்டவே இல்லை. சிப்பியைப் பார்த்தார். "அப்ப அந்தப் புள்ளைக திரும்பி வாரதுக்கு வழியே இந்தச் சிப்பிதான்?"

"ஆமா சார்."

"அதுல ஒண்ணை நீரு எடுத்துட்டு வந்திருக்கீரு."

அவர் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எந்த வேர்ல எடுத்தீரு? திரும்ப வைக்க முடியுமா?"

"தெரியல சார். எல்லா வேரும் ஒண்ணு மாதிரி இருக்கு."

அதற்குள் செய்தி பரவி, தாய்மார் சிலர் மண்ணெண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு காட்டுக்குள் பாயக் கிளம்பினார்கள். ஒரு வங்காள அம்மா என்னைப் பார்த்து, "உன் வாத்துதான் என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிற்று" என்று ஹிந்தியில் அழுதார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த அம்மா சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? சார்தான் குறுக்கே நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, யாரும் உள்ள போகாதீங்க. நாலு பக்கமும் மிதிச்சா மீதிச் சிப்பியும் போயிரும். எனக்கு அரைமணி நேரம் குடுங்க." பிறகு என்னிடம் திரும்பினார். "எதைக் கேட்டா அந்தப் புள்ளைக வீட்டுப் பக்கம் திரும்பும் வே?"

"வாத்துப் பாட்டு, சார்." எச்சிலை விழுங்கிக்கொண்டேன். "உல்டா பாட்டு."

ஜெனரேட்டரைப் பின்வாசலுக்கு இழுத்தோம். குழாய் ஸ்பீக்கரைத் தூக்கி, கூரை மேல் காட்டைப் பார்த்துக் கட்டினேன். அந்த அவசரத்திலும் சார் பிரஷ்ஷை எடுத்துக் கேட்டைத் துடைத்தார்! ரீலை ஒருமுறை விரலில் ஓடவிட்டார், கண்ணை மூடிக்கொண்டு. ஓரிடத்தில் விரல் நின்றது.

"குளத்தங்கரை ஒட்டு தாங்கும்" என்றார். "அன்னைக்கு நல்லாத்தான் ஒட்டியிருக்கீரு."

நான் வாயைத் திறந்தேன். "அப்புறம் பேசிக்கலாம்" என்றார். "பெரிய விளக்கை அணையும், பகல்ல படம் வேண்டாம். சத்தம் மட்டும் போதும்." நான் ரீலைக் கடைசி வரை சுற்றி, மிஷினில் ஏற்றிக் கொடுத்தேன். கயிற்றை அவரே அவிழ்த்தார். கைப்பிடியை அவரே தள்ளினார்.

பின்பக்கமாக ஓடுகிற பாட்டைக் கேட்டிருக்கிறீர்களா? யாரோ மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பாடுகிற மாதிரி இருக்கும். அந்தச் சத்தம் காட்டுக்குள் போயிற்று. எட்டு நிமிஷம் ஆயிற்று, ஒன்றும் இல்லை. மறுபடி ரீலை ஏற்றினேன். மறுபடி ரிவர்ஸ். ஒன்றும் இல்லை. கடற்கரைக்குப் போன ஆண்களும் திரும்பி வந்து நின்றார்கள். செல்லம்மா அக்கா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார், பிடிக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் குளத்தங்கரை ஒட்டு கேட்டைத் தாண்டும்போது டக்கென்று ஒரு சத்தம் வரும். அது வரும்போதெல்லாம் என் உயிர் போய் வந்தது.

நாலாவது தடவை ஓடும்போது கொடி அசைந்தது.

முதலில் ஒரு முதுகு வந்தது, கோபாலின் முதுகு. அவன் தோளைப் பிடித்தபடி இன்னொரு முதுகு. அப்படி ஆறு முதுகு, ஒன்றன் பின் ஒன்றாக, பின்பக்கமாகவே நடந்து வந்தன. பக்கத்தில் மல்லிகா, நேராகப் பார்த்தபடி, கொட்டாங்கச்சியில் குச்சியைச் சுற்றிக்கொண்டே!

செல்லம்மா அக்கா ஓடிப்போய் மகளைக் கட்டிப் பிடித்தார். அவள் திமிறினாள். "ஐயோ அம்மா, விடு! இன்னும் வேலிச் சிப்பி இருக்கு, படிச் சிப்பி இருக்கு. படம் முடியல!" ஊரே நின்று பார்த்தது. அந்த ஆறு பேரும் மரத்துச் சிப்பியை எடுத்தார்கள், வேலிச் சிப்பியை எடுத்தார்கள், படிச் சிப்பியை எடுத்தார்கள், பின்வாசல் வழியாகப் பின்பக்கமாகவே பள்ளிக்கூடத்துக்குள் போனார்கள். அப்புறம்தான் கொட்டாங்கச்சி நின்றது. அதற்கு அப்புறம் நடந்த அழுகையையும் அடியையும் முத்தத்தையும் நான் எழுதப் போவதில்லை. ஏழு பிள்ளைகளுக்கும் மூன்றும் கிடைத்தது.

நான் சுவரில் சாய்ந்து நின்று அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை. அப்படி ஒரு பாரம் இறங்கியதை அதற்கு முன்னும் அனுபவித்ததில்லை, பின்னும் இல்லை.

மல்லிகா சிப்பிகளை எண்ணிவிட்டு வந்தாள். "அம்பத்தாறு வச்சோம். அம்பத்தஞ்சுதான் இருக்கு."

"காணாமப் போயிட்டீங்களேடி" என்றேன்.

"நாங்களா? நாங்க எங்க காணாமப் போனோம்? ஒரு லெட்டர்தான் காணாமப் போச்சு. ரொம்ப நேரம் தேடினோம். கோபால் அழுதான். அப்புறம் நம்ம உல்டா பாட்டு கேட்டுச்சு. சரி, இந்த இடத்துல படம் குதிக்குதுன்னு நான்தான் சொன்னேன். எல்லாரும் குதிச்சுட்டுப் பாட்டு வர்ற பக்கம் போனோம். அடுத்த லெட்டர் அங்கதான் இருந்துச்சு."

நான் சட்டைப் பையிலிருந்து சிப்பியை எடுத்து நீட்டினேன். அவள் அதையும் பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள். "மாமா! நீங்க அவுட்டு" என்றாள்.

சாயங்காலம் திரையைக் கட்டினோம். கொசு மருந்துப் படத்துக்கு அவ்வளவு கூட்டம் அதற்கு முன்னால் வந்ததில்லை. பிறகு வாத்து ஓடியது. முடிந்ததும் பிள்ளைகள் ஒன்றும் கேட்கவில்லை, வாங்கிய அடி அப்படி. கேட்டது தாய்மார். மத்தியானம் என்னைத் திட்டிய அந்த வங்காள அம்மாதான் முதலில் எழுந்தார். கோபாலை இடுப்போடு அணைத்தபடி, "உல்டா சலாவ், பாபு" என்று என்னை ஓட்டச் சொன்னார்.

நான் சாரைப் பார்த்தேன். அவர் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "ரூல் ரூல்தான் வே. நான் இருக்கும்போது ரிவர்ஸ் கிடையாது. கொஞ்சம் கடற்கரைப் பக்கம் போய்ட்டு வாரேன்."

அவர் போனார். நான் கைப்பிடியைத் தள்ளினேன். மலை உச்சியிலிருந்து வாத்து இறங்கியது. மீனிடமிருந்தும் மாட்டிடமிருந்தும் மரத்திலிருந்தும் கடிதம் ஒவ்வொன்றாகப் பைக்கு வந்தது. குளத்தங்கரையில் பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு குதி குதித்தார்கள். கடைசியில் வாத்து பின்பக்கமாகவே தன் வீட்டுப் படியேறி உள்ளே போயிற்று. அம்மா வாத்து கதவைச் சாத்தியது. அந்த மைதானத்தில் இருந்த தாய்மார் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டதை நான் கேட்டேன்.

மிஷினை மறுபடி நேராக ஓட்டக் கைப்பிடியில் கை வைத்தேன். பின்னால் தென்னை மரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது. கடற்கரைக்குப் போன மனிதர் அங்கேயேதான் நின்றிருக்கிறார்.

"வேண்டாம் வே சேது. கதவைச் சாத்தியாச்சு. இன்னைக்கு மறுபடி திறக்க வேண்டாம்."

நான் விளக்கை அணைத்தேன்.